வத்தக்குழம்பு என்று பெயர் வைத்த கோப்பு

விஜயதசமி அன்று காலை ஒரு கனவோடு எழுந்தேன். அது கலைந்துவிடக் கூடாது என்று யாரிடமும் பேசவில்லை, பல் தேய்க்கவில்லை, ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி மெல்ல நடந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள்ளே விசிறி சுற்றியது. பிறகு நீளமாக ஒரு விசில், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் அதே விசில். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் விசில். சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கனவு கொட்டிப்போய்விடும்.

அந்தக் கனவு யாரைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ஒரு பழைய டப்பாவுக்காக இந்தப் பொம்பளை ஏன் இப்படி உயிரை விடுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். அப்போது ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பதினோரு நாள் இருந்தாள். பெயர் வைக்க நாள் பார்த்து வைத்திருந்தோம், அந்த நாள் வருவதற்குள் போய்விட்டாள். போட்டோ கிடையாது. பெயரும் கிடையாது. பிறகு பையன் பிறந்தான், வளர்ந்தான், படித்தான், இப்போது புனேயில் வேலை பார்க்கிறான். அவளைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் பேச்சை எடுத்தால் இவர் எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு மூன்று தடவை அப்படி ஆன பிறகு எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போங்கள், துடையுங்கள், என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் என் கனவில் வந்தாள். மாதம் ஒரு தடவை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதிசயம் என்னவென்றால், வரும்போதெல்லாம் வளர்ந்திருந்தாள். இருந்திருந்தால் என்ன வயது ஆகியிருக்குமோ அந்த வயதில்தான் வருவாள். முதலில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு காலில் சாக்ஸ் இறங்கிய பள்ளிக்கூடத்துப் பெண்ணாக வந்தாள். கணக்கில் மார்க் குறைந்துவிட்டது என்று என் மடியில் படுத்து அழுதாள். போன வருஷம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு ஓடினாள். "லேட்டாச்சும்மா" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கண்ணை விழித்த பிறகும் அந்தக் குரல் காதில் இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆரம்பத்தில் இதையெல்லாம் நோட்டில் எழுதி அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு நாள் பையனின் பழைய பாட நோட்டுகளோடு சேர்த்து, நானே, இந்தக் கையாலேயே, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது. கடைக்கு ஓடினேன். கட்டு கட்டாக லாரியில் போய்விட்டது என்றார். அன்றைக்கு அழுத அழுகையை அவள் போன அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

அதற்குப் பிறகுதான் பையனின் கம்ப்யூட்டருக்கு வந்தேன். அவன் கல்லூரிக்கு வாங்கியது, வேலைக்குப் போனதும் இங்கேயே விட்டுவிட்டான். கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். தமிழில் அடிக்கப் பழக ஒரு வாரம் பிடித்தது. நோட்டில் இருந்தவற்றில் ஞாபகம் வந்ததையெல்லாம் முதலில் அடித்தேன், பிறகு வந்ததை வந்த அன்றே அடித்தேன். கோப்புக்கு 'வத்தக்குழம்பு' என்று பெயர் வைத்தேன். இரண்டு ஆம்பளைகள் இருக்கிற வீட்டில் இதைவிடப் பத்திரமான பெயர் கிடையாது என்று நினைத்தேன். "ஒரு காப்பி எடுத்து வேற எங்கயாவது வெச்சுக்கம்மா" என்று பையன் சொல்லிக்கொண்டே இருப்பான். வீட்டை விட்டு அவளை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆக, அவள் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டி. அதுதான் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

கனவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டே பிளக்கைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வேறு பிளக்கில் போட்டேன். மின்சாரம் வருகிறது, விசிறி சுற்றுகிறது, பிறகு என்ன கேடு? திரைக்கு வருகிற ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து திரையில் இங்குமங்கும் மிதந்துவிட்டு மறைந்தது. அந்த நேரத்தில் கனவில் அவள் என்ன நிறத்தில் சுடிதார் போட்டிருந்தாள் என்பது போய்விட்டது. மஞ்சளா, கடுகு நிறமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன், பிறகு நிறமே இல்லை.

கனவு இதுதான். திருமழிசை பஸ் ஸ்டாப்பில் நானும் அவளும் நிற்கிறோம். அவ்வளவு பெரிய நெடுஞ்சாலையில் ஒரு வண்டி இல்லை. மழை விட்ட வெளிச்சம். அவள் கையில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாப்பழம். பூந்தமல்லி பஸ் பற்றி என்னவோ சொல்கிறாள். சொல்வதற்காக என் பக்கம் தலையைக் குனிகிறாள். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத கனவு. இப்படிப்பட்டவைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு அரை நிமிஷம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பையன் ஒரு தடவை அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். திரும்ப மாட்டினேன். விசில்தான் வந்தது. கொய்யாப்பழம் இருந்தது, மிளகாய்ப்பொடி போய்விட்டது.

வேறு வழியில்லாமல் பையனுக்குப் போன் போட்டேன். "அம்மா, அது எவ்ளோ பழசு தெரியுமா. ஆயுசு முடிஞ்சிருச்சு. தூக்கிப் போட்டுரு, நான் லேப்டாப் அனுப்புறேன். அதுல என்ன இருக்கு, உன் சமையல் குறிப்புதான" என்றான். ஆயுசு முடிந்துவிட்டது என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போனை வைடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது.

இவ்வளவு நேரமும் இவர் கதவருகே காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையில் ஃபிட்டர். போன வருஷம் ஓய்வு பெற்றதும் முத்தாபுதுப்பேட்டையில் கட்டியிருந்த இந்த வீட்டுக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய், தையல் மெஷினுக்கு எண்ணெய், என் மூக்குக்கண்ணாடியின் மடக்குக்குக்கூட எண்ணெய். நான் போட்டுக்கொண்டால் காது வழுக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எதை வேணா நோண்டுங்க, என் கம்ப்யூட்டர்ல மட்டும் கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றார். அவர் சரி என்று சொன்னால் சரிதான். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை.

அதனால் அவர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின நாள் ஆயுத பூஜை. தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். பட்டறையில் ஒவ்வொரு மெஷினையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, அன்றைக்கு ஒரு கருவியையும் தொடாமல் ஓய்வு கொடுப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். ஸ்கூட்டர், கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு மற்றதையெல்லாம்விடப் பெரிதாக இருந்தது. கற்பூரம் காட்டும்போது அதன் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். சுண்டலுக்கு வழி விடாமல் நிற்கிறாரே என்றுதான் நான் நினைத்தேன்.

அதேபோல இன்னொன்று. இரண்டு மாதமாகக் காலையில் நான் எழுந்ததும், "நல்லாத் தூங்குனியா?" என்று கேட்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்காத கேள்வி. "தூங்காம என்ன, கும்மி அடிச்சேனா?" என்று நானும் எரிந்து விழுவேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

முகப்பேரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நாற்பது வயது இருக்கும். முன்பு ஒரு தடவை இதே பெட்டிக்கு விசிறி மாற்றிக் கொடுத்தவள். கூப்பிட்டேன். விடுமுறை நாளில் வருவாளோ மாட்டாளோ என்று பயந்தேன். "இன்னிக்கு மொத வேலை தொட்டா வருசம் முச்சூடும் நல்லா ஓடும்க்கா, வந்துகினே கீறேன்" என்றாள். ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தாள். அதற்குள் பூந்தமல்லி பஸ் பற்றிக் கனவில் என் பெண் என்ன சொன்னாள் என்பது என்னை விட்டுப் போய்விட்டது.

வந்தவள் உடனே எதையும் கழற்றவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து, "போடுக்கா" என்றாள். போட்டேன். விசில் ஐந்தாறு தடவை அடிக்கிறவரை கண்ணை மூடிக் கேட்டாள்.

"லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, அப்போ கரண்டு வந்துகினு கீது. ஸ்கிரீனும் நல்லாதான் கீது. இந்த மாதிரி நீளமா வுட்டு வுட்டு கூவுச்சுன்னா ரேமு. அதுதான் இதுக்கு ஞாபகம். முழிச்சிகிச்சு, ஆனா ஒண்ணும் ஞாபகத்துக்கு வர்ல. அதான் கத்துது."

காலையிலிருந்து நானும் அதே நிலைமையில்தான் இருந்தேன்.

"அப்ப அதுல எழுதி வெச்சதெல்லாம்?" என்று கேட்டது நான் இல்லை. கதவருகே நின்ற இவர். சமையல் குறிப்புக்கு இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று திரும்பி முறைத்தேன்.

"அது வேற எடத்துல கீது நைனா. ஹார்ட் டிஸ்க்குல. மொதல்ல இத்தப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாக்கா இது. உள்ள ஒரு தூசி இல்ல."

நானும் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷத்துப் பெட்டிக்குள் பஞ்சு மாதிரித் தூசி அடைந்திருக்க வேண்டும். போன தடவை அவள் அதை அள்ளி எடுத்ததை நானே பார்த்தேன். இப்போது புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. அவள் இரண்டு பக்கமும் இருந்த கொக்கியை விடுவித்து, நீளப் பட்டையாக இருந்த இரண்டு சின்னத் தகடுகளில் ஒன்றை வெளியே எடுத்தாள். அதன் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அவற்றின் மேல் மஞ்சளாக என்னவோ வழவழத்தது. விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தாள்.

"யக்கா, கிரீஸுக்கா இது."

நான் முகரத் தேவையே இல்லை. அந்த வாசனையை இருபத்தெட்டு வருஷம் காக்கிச் சட்டையிலிருந்து துவைத்துத் துவைத்துப் பார்த்தவள் நான். அது போகவே போகாது. திரும்பினேன். இவர் அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார். "நீ வாழையிலை வாங்கப் போனப்ப தொறந்து தொடச்சேன். அந்தப் பல்லு எல்லாம் அவ்ளோ நல்லா இருந்துச்சு. துரு ஏறிரக் கூடாதேன்னு லேசா ஒரு கோட்டிங் குடுத்தேன். எங்க ஃபேக்டரில எந்தப் பார்ட்டையும் கிரீஸ் தடவாம ஸ்டோருக்கு அனுப்ப மாட்டோம். பத்து வருஷம் கழிச்சுப் பிரிச்சாலும் வெச்சது வெச்சபடி இருக்கும்."

"அது டாங்கிக்கு நைனா" என்று சிரித்தாள் அவள். "இதுக்கு கிரீஸ் பூசிட்டா கரண்டு உள்ள எப்டி பூரும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்த வாய் அப்போது திறந்துகொண்டது. "முப்பத்தாறு வருஷம் அங்க தடவுனது பத்தாதா? இங்க வந்து என் உயிர்லயும் தடவணுமா? கை வைக்காதீங்கன்னு நான் எந்த பாஷைல சொன்னேன்?" என்று கத்தினேன். வெளியாள் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், டம்ளரை மேஜையில் வைத்தார், பின்பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இருபத்தேழு வருஷமாகத் தெரிந்த சத்தம்.

அவள் என்னைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பற்களைத் துடைத்தாள். அது மாட்டுகிற பள்ளத்துக்குள் பிரஷ்ஷை விட்டு நோண்டி நோண்டி மஞ்சளை எடுத்தாள். "யக்கா, பென்சில் அழிக்கிற ரப்பர் கீதா?" என்று கேட்டாள். தையல் மெஷின் டிராயரில் ஒன்று இருந்தது. அதை வைத்து அந்தத் தங்கப் பற்களை மெல்லத் தேய்த்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவள் முழங்கை வரை வந்திருந்தது. எங்கேயோ விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அந்த ரப்பர் தேய்கிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது. கொய்யாப்பழமும் போயிருந்தது. வண்டி இல்லாத சாலையும் போயிருந்தது. என் பெண் என் பக்கம் தலையைக் குனிந்தது மட்டும் இருந்தது.

ஒரு தகட்டை மாட்டிப் போட்டாள். விசில் வந்தது. எடுத்துவிட்டு இன்னொன்றை வேறு பள்ளத்தில் மாட்டிப் போட்டாள். குட்டியாக ஒரே ஒரு 'பீப்'. திரை வெளுத்தது. எனக்கு எழுந்து நின்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் அவள் முகம் மலரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து நின்றது.

"ஹார்ட் டிஸ்க்கு தெரிலன்னுது" என்றாள்.

"போயிருச்சா?"

அவள் பெட்டிக்குள் கையை விட்டு, ஓரத்தில் இருந்த தட்டையான இரும்புப் பெட்டி ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இல்லக்கா. சுத்திகினுதான் கீது. தொட்டுப் பாரு, கையில தெரியும்" என்றாள்.

நான் கையை வைத்தேன். தூங்குகிற குழந்தையின் முதுகில் கை வைத்த மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஓர் அதிர்வு. கையை எடுக்கவே மனசு வரவில்லை. அழுகிறேன் என்பது கன்னத்தில் தண்ணீர் ஓடியபோதுதான் தெரிந்தது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி, "கைய எடுக்கா, இங்கயும் பூசிகீறாரா பாக்கறேன்" என்றாள்.

அங்கேயும் பூசியிருந்தார். அந்த இரும்புப் பெட்டியிலிருந்து வருகிற ஒயரின் வாயிலும், அது மாட்டுகிற இடத்திலும், மெல்லிசாக, ஒரே சீராக. அவள் அதையும் துடைத்துத் தேய்த்து, ஒயரை மாற்றி, மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை திரை கறுப்பாகி, வெளுத்து, வழக்கமான நீல நிறத்துக்கு வந்தது. ஓரத்தில் 'வத்தக்குழம்பு' இருந்தது.

அவளுக்குச் சுண்டலும் மோரும் கொடுத்தேன். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நைனாவத் திட்டாதக்கா" என்றாள். "எத்தினி பொட்டி தொறந்துகீறேன், உள்ள இவ்ளோ நீட்டா யாரும் தொட்ச்சி நான் பாத்ததில்ல. ஒரு ஸ்க்ரூ எடம் மாறல. ஒரு ஒயரு நசுங்கல. என்னாலயே அப்டி முடியாது." நான் தலையை ஆட்டினேன். என் கோபம் இன்னும் இறங்கவில்லை.

உள்ளே வந்து கோப்பைத் திறந்தேன். அத்தனை பக்கமும் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே போனேன். கட்டில் கால், சாக்ஸ், கணக்கு மார்க், மின்சார ரயில், எல்லாம் இருந்தது. புரட்டாசி ஆரம்பத்தில் நான் கடைசியாக அடித்ததும் இருந்தது. அதற்குக் கீழே நான் அடிக்காத எழுத்து இருந்தது.

எழுத்தோடு எழுத்து இடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தது என்று பார்த்ததும் தெரிந்தது. பிழைகளை மட்டும் திருத்தி இங்கே எழுதுகிறேன்.

'ஆடி மாதம் நீ ஊருக்குப் போயிருந்தபோது வத்தக்குழம்பு வைக்கலாம் என்று இதைத் திறந்தேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. தவறு என்றால் மன்னிக்கவும். எனக்கும் வருவாள். சொன்னதில்லை. எனக்கு வரும்போது வளரவில்லை. அதே பதினோரு நாள். என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருப்பாள். உன்னிடம் அவள் பள்ளிக்கூடம் போனதும் வேலைக்குப் போனதும் தெரிந்துகொண்டேன். மிகவும் சந்தோஷம். நாளை பூஜை. கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய், ஆனாலும் அவள் இருக்கிற இடம். உள்ளே சுத்தம் செய்து துருப் பிடிக்காமல் வைக்கிறேன். புளி எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை.'

பின்பக்கம் துணியை உதறுகிற சத்தம் கேட்டது. காலையில் நான் கத்தியதெல்லாம் ஒன்று விடாமல் என் காதில் திரும்ப வந்தது. என் வாயை எதை வைத்துத் தேய்ப்பது என்று தெரியவில்லை.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, வாசற்படியைத் தாண்டாமல், "போட்டுப் பாத்தியா? வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு. உக்காருங்க."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் தன் எழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"இன்னிக்குக் காலைல வந்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னவோ கேட்க வாய் எடுப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் கேட்டார்.

"எவ்ளோ உசரம் இருக்கா?"

காலையில் எழுந்தபோது நிறம் இருந்தது, பழம் இருந்தது, பஸ் இருந்தது, பேச்சு இருந்தது. எல்லாம் போய், அவள் என் பக்கம் குனிந்தது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதைத்தான் அவர் கேட்டார்.

"என்னைவிட உசரம்" என்றேன். "என்கிட்டப் பேச குனியிறா. உங்க பக்கத்துல நின்னா உங்க காது வரைக்கும் வருவா."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டியிருந்த கையைத் தூக்கி, படுக்க வைத்த மாதிரி நேராக, தன் காது அருகே பிடித்தார். அந்தக் கைக்குக் கீழே இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அடிச்சு வை" என்றார்.

நான் அடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை அவர் இறக்கவில்லை.